அறுபத்தேழாம் மரம்

நவம்பர் 9, வியாழன்

பழைய நோட்டு நேற்றோடு முடிந்தது. இது என் கணவர் லூர்து கொடைக்கானலில் வாங்கி வந்தது. கோடு போட்டதைக் கேட்டேன், கோடு போடாததை வாங்கி வந்திருக்கிறார். பேருந்து ஓட்டுகிறவருக்குக் கோடு முக்கியமில்லையா என்று கேட்டேன். சிரித்தார், மாற்றித் தருகிறேன் என்று சொல்லவில்லை.

இன்று தட நாள், கணக்கெடுப்புப் பாதையில் நடக்கிற நாள். ஒன்றுவிட்ட வியாழன்தோறும் வட்டப்பாறைச் சோலைக்குள் போய், எண் தகடு அடித்த தொண்ணூறு காட்டுப்பூவரசு மரங்களைப் பார்த்து, மொட்டு, பூ, காய் மூன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் போட வேண்டும். பத்தொன்பது வருடமாக இந்த முதல் தடம் என்னுடையது. நாற்பது மரங்கள் ஜீப் பாதையை ஒட்டி இருக்கின்றன. ஓடையைத் தாண்டினால் ஏற்றம். 41 முதல் 90 வரை அங்கே.

காலை ஏழு மணிக்கு 13 டிகிரி. மழை. ஓடையில் தண்ணீர் அதிகம். நாற்பதாம் மரத்தோடு திரும்பினேன். பிற்பகல் பதிவேட்டை எழுதி முடித்தேன். தொண்ணூறும் பூஜ்யம். ஜனவரிக் கடைசியில் பூக்கிற மரத்தில் நவம்பரில் வேறு என்ன இருக்கப் போகிறது.

எங்கள் ஆய்வு மையத்துக்குப் புதிதாக ஒரு பைனாகுலர் வந்திருக்கிறது. பொறுப்பாளர் நம்பெருமாள் சார் அதைக் குழந்தையம்மாளிடம் கொடுத்துவிட்டார். இரண்டாம் தடத்துக்கு ஆகஸ்டில் சேர்ந்தவள். நாற்பத்து நான்கு வயது, எட்டாவது வரை படிப்பு, இரண்டு மாடு. நான் தாவரவியல் இளங்கலை, முதல் வகுப்பு. என்னுடைய பைனாகுலரில் இடது கண்ணாடிக்குள் ஆறு வருடமாகப் பூஞ்சை இருக்கிறது. சாருக்கு அது தெரியும்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் குழந்தையம்மாள், கையில் அதிரசம் வைத்த தூக்குவாளி.

"அக்கா, உங்க அறுபத்தேழாம் மரம் பூத்துருக்கு, பாத்தீங்களா?"

"எந்த மரம்?"

"மேல, வழுக்குப்பாறைக்குப் பக்கத்துல, கோணலா நிக்குமே. மாட்டத் தேடிப் போனப்பப் பாத்தேன். கொத்துக் கொத்தா செவப்பு. மழையில நனைஞ்சு தொங்குது. பக்கத்துல நாலஞ்சு மரம் வெடிக்கிற பக்குவத்துல இருக்கு."

"வியாழக்கெழமதான் பாத்தேன். ஒண்ணும் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தூக்குவாளியின் மூடியைத் திறந்து மூடினாள். "அப்ப வெள்ளி, சனியில பூத்துருக்கும்க்கா" என்றாள்.

இரண்டே நாளில் ஒரு மரம் கொத்துக் கொத்தாகப் பூத்துவிடாது என்பதுகூடத் தெரியாதவளிடம் பைனாகுலர்.

அதிரசம் நன்றாக இருந்தது. லூர்து ஆறு சாப்பிட்டார்.

நவம்பர் 23, வியாழன்

மழை. போகவில்லை. முழங்காலுக்கு இரண்டு வேளை தைலம். பதிவேடு எழுதினேன்.

மாலையில் கோயிலுக்குப் பின்னால் உருளைக்கிழங்குக் காட்டில் மயில் அகவியது. 2,200 மீட்டர் உயரத்தில் மயில். நான் இங்கே வந்த வருடங்களில் குளிருக்குப் பயந்து அது பாதி மலையைக்கூடத் தாண்டியதில்லை.

"அடிவாரத்துல வெக்க தாங்காம முருகன் வண்டிய மேல அனுப்பிட்டாருபோல" என்றார் லூர்து.

மயிலைப் பற்றிச் சாரிடம் முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று உடனே போன் செய்தேன். "ஆமா, குழந்தை காலையிலயே சொன்னாங்க" என்றார்.

நவம்பர் 27, திங்கள்

மாதக் கூட்டம். மூன்றே பேர். சார், நான், அவள்.

அவளுடைய தாள்களைச் சார் எனக்கு முன்னாலேயே புரட்டினார். எழுத்து கோழி கிளறியதுபோல. ஒரு பக்கத்தில் பதினோரு பிழை எண்ணினேன். எழுத வராத இடத்தில் படம் போட்டு வைக்கிறாள். ஒரு கொத்து, அதற்குள் ஏழு பூ, ஒன்றின்மேல் ஒரு குருவி. சார் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பதிவேட்டை அவர் அப்படிப் பார்த்து வருடங்கள் ஆகின்றன. அதில் பிழை இருக்காது. அதனால்தானோ என்னவோ.

"முதல் தடத்து மரம் நவம்பர்லயே பூத்ததா இவங்க எழுதியிருக்காங்க. உங்க பதிவுல பூஜ்யம் இருக்கே, பிலோமினா."

"அது நம்ம மரமா இருக்காது சார். வழுக்குப்பாறைக்குக் கீழ பழைய எஸ்டேட் பங்களா இருக்குல்ல, அங்க அலங்காரத்துக்கு வெச்ச வெளிநாட்டு ரகம் நாலு நிக்குது. அது காலம் பாக்காமப் பூக்கும். அதப் பாத்திருப்பாங்க."

நான் சொன்னதில் பொய் கிடையாது. அந்த நான்கு மரமும் இருக்கின்றன, அவை காலம் பார்க்காமல் பூப்பதும் உண்மை.

சார் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். "தகட்டுல அறுபத்தேழுன்னு இருந்துச்சுங்க சார்" என்றாள், அவ்வளவுதான். வாதாடவில்லை. வாதாடியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பத்தொன்பது வருடப் பதிவுகள் அடுத்த ஆண்டு புத்தகமாக வருகின்றன. அட்டையில் சார் பெயருக்குக் கீழே என் பெயர். இதைக் கூட்டத்தின் கடைசியில், எழுந்து நின்றுகொண்டே சொன்னார்.

டிசம்பர் 7, வியாழன்

மழை இல்லை. முழங்கால் வீக்கம். போகவில்லை.

மரம் 67, மொட்டு 1. டிசம்பர் முதல் வாரத்தில் மொட்டுக் கட்டுகிற மரம் அது. போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 13, புதன்

உறைபனி இன்னும் இறங்கவில்லை. முன்பெல்லாம் இந்தத் தேதிக்குள் காலையில் புல்வெளி சுண்ணாம்பு அடித்ததுபோல இருக்கும். இன்று 11 டிகிரி.

குழந்தையம்மாள் மையத்துக்கு ஒரு பிஸ்கட் டின் கொண்டு வந்தாள். உள்ளே தினசரிக் காலண்டர் தாள்கள், நான்காக மடித்து. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பூ அல்லது ஓர் இலை. எழுதுவதற்குப் பதில் அவள் செய்கிற வேலை இது. காலையில் அன்றைய தாளைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள். அன்றைக்கு எந்த மரத்தில் எதைப் பார்க்கிறாளோ அதில் ஒன்றை அந்தத் தாளிலேயே மடித்து, மேலே மரத்தின் எண்ணைப் போடுகிறாள். தேதியை அவள் எழுத வேண்டியதில்லை, அச்சடித்தே இருக்கிறது.

நவம்பர் 11. மேலே 67. உள்ளே கறுத்து ஒட்டிப்போன ஒரு பூ. மழைக்காலத்து ஈரம், பூஞ்சை. நிறம் போய்விட்டது.

"இத வெச்சு ரகம் சொல்றது கஷ்டம். சொன்னாலும் இந்த மரந்தான்னு எப்படிச் சொல்றது?" சார் நல்லவிதமாகத்தான் சொன்னார். பிறகு இன்னொன்றும் சொன்னார். அவளுடைய நியமனம் பிப்ரவரி வரைதான். தகட்டை ஒழுங்காகப் பார்க்கிற ஆளா என்று தெரியாமல் நீட்டிக்க முடியாது.

அவள் தாள்களை ஒவ்வொன்றாக டின்னுக்குள் அடுக்கினாள். நான் அப்போது ஜன்னல் பக்கம் போய் வெப்பமானியைப் பார்த்தேன். இன்று காலையிலேயே பார்த்ததுதான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். காலண்டர் தாள் யோசனை எனக்கு ஏன் பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட வரவில்லை.

டிசம்பர் 21, வியாழன்

போகவில்லை. மொட்டு 2.

டிசம்பர் 25, திங்கள்

கிறிஸ்துமஸ். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவாரமே வரிசையில் நின்றேன். கோபம், பொறாமை என்று பொதுவாகச் சொன்னேன். சாமியார் பொதுவாகவே மன்னித்தார்.

குழந்தையம்மாள் ஒரு பை கேரட் கொண்டு வந்தாள். லூர்து அவளை உட்காரவைத்து கேக் கொடுத்தார். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு என் வீட்டில்கூடப் பேச ஆள் கிடைக்கிறது.

"காலையில ஆறரைக்கு என் வண்டி வளைவுல திரும்பறப்பல்லாம் நீ மழைக்கோட்டு மாட்டிட்டு ஏறிட்டு இருக்க. உனக்குத் தூக்கமே கெடையாதா?"

"மாடு எழுப்பிவிட்ரும்ண்ணே."

"எங்க வீட்டம்மாவ எழுப்ப ஒரு மாடு வாங்கணும்போல" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். "மழ நாள்ல நீ எறங்கிப் போய் நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல. ஆனா பதிவேட்டுல ஒரு லீவு கெடையாது."

நான் கேக் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பின்னால் அவள் குரல் கேட்டது. "அக்கா உங்க வண்டி போனப்பெறகு போவாங்கண்ணே. நான் பாத்துருக்கேன்."

அவள் பார்த்ததில்லை. பார்த்திருக்க முடியாது.

போகும்போது அவள் ஒன்று சொன்னாள். "பூ வந்துச்சுக்கா, தேனீ வரல. தேனீ மாசி மாசந்தான மேல ஏறும். அதுக்குள்ள பூ முடிஞ்சுரும். சிரிப்பான் குருவிதான் பாவம், ஒரு வாரம் குடிச்சுட்டு, அப்புறம் வெறும் மரத்தச் சுத்திச் சுத்தி வருது." இதை என்னிடம் ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. இதைக் கவனித்தவர் என்று புத்தகத்தில் என் பெயர் வந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 4, வியாழன்

போகவில்லை. மரம் 67, மொட்டு 3. அதைச் சுற்றியுள்ள ஒன்பது மரங்களுக்கு 2.

ஜனவரி 8, திங்கள்

மாதக் கூட்டம். புத்தகத்துக்கு உதவுகிற அறக்கட்டளையிலிருந்து நான்கு பேர், ஒரு புகைப்படக்காரர், பிப்ரவரி 1 அன்று வருகிறார்கள். பூத்துக் குலுங்குகிற சோலையைப் படம் எடுக்க வேண்டுமாம். எந்த மரம் என்று சார் பதிவேட்டைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார்.

"அறுபத்தேழு. மொட்டு மூணு போட்டிருக்கீங்க. ஒவ்வொரு வருஷமும் ஜனவரி கடைசி வாரத்துல அதான் மொதல்ல முழுசாப் பூக்குது. பிலோமினா கணக்கு தப்பாது."

குழந்தையம்மாள் தலையைக் குனிந்து பிஸ்கட் டின்னின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தப்பாது என்று சார் சொன்னபோது சந்தோஷமாக இருந்தது. வீடு வந்து சேரும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். முதல் உறைபனி இன்றுதான். ஐந்து வாரம் தாமதம். வாளித் தண்ணீரில் கண்ணாடிபோல ஏடு.

ஜனவரி 18, வியாழன்

போனேன்.

காலை ஏழேகால் மணிக்கு ஓடையைத் தாண்டினேன். தண்ணீர் கணுக்கால் அளவு. கல்லில் கால் வைக்க வேண்டிய இடங்கள் மறந்துபோயிருந்தன. ஏற்றத்தில் பத்து அடிக்கு ஒருமுறை நின்றேன். வலது முழங்கால் மடங்கவில்லை. பக்கவாட்டில்தான் ஏற முடிந்தது.

41இல் மொட்டு இல்லை. 42, 43இலும் இல்லை. கிளை நுனிகளில் பூக்கொத்து இருந்த காம்புகள் காய்ந்து நின்றன. கீழே இலைச் சருகோடு சருகாகப் பழுப்பு நிறத்தில் பூக்கள், பல வாரங்களுக்கு முன்பு உதிர்ந்தவை. விரலால் எடுத்தால் பொடியாகின.

67 வழுக்குப்பாறைக்குப் பக்கத்தில், கோணலாக, எப்போதும்போல. ஒரு மொட்டும் இல்லை. கொத்துக் காம்புகளை எண்ணினேன். முப்பத்தாறு. அது நவம்பரில் முழுதாகப் பூத்திருக்கிறது, நான்குக்கு நான்கு. காய்களையும் எண்ணினேன். நான் பார்த்த நல்ல வருடங்களில் ஒரு கொத்துக்கு ஐந்தாறு காய் பிடிக்கும். இப்போது மரம் முழுவதும் சேர்த்தே பதினான்கு. தேனீ வரவில்லை என்றால் இவ்வளவுதான். சிரிப்பான் குருவிகள் இரண்டு பாறைக்கு மேலே இருந்தன. கத்தவில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். மரம் பருக்கும்போது பட்டை வளர்ந்து தகட்டை விழுங்கும். வருடத்துக்கு ஒருமுறை ஆணியைத் தளர்த்திவிட வேண்டும், அது பதிவாளர் வேலை. மூன்று வருடமாகத் தளர்த்தாத தகடுகளில் எண் பாதி உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. 41இலிருந்து எல்லாத் தகடுகளையும் யாரோ நெம்பி எடுத்து, பட்டையைச் சீவி, புது ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆணித்தலையில் துரு இல்லை.

யாரோ என்று ஏன் எழுதுகிறேன்.

இறங்க இரண்டரை மணி நேரம் ஆனது.

ஜனவரி 19, வெள்ளி

முழங்கால் பன்போல வீங்கியிருக்கிறது. படுக்கையில் இருந்தேன். பதினோரு மணிக்கு அவள் வந்தாள். ஓடை மணலில் செருப்புத் தடம் பார்த்தாளாம்.

"வலது கால் தடம் பக்கவாட்டுல அழுந்தியிருந்துச்சு. நீங்கதான்னு நெனச்சேன். பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தாள். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"எப்பயிருந்து உனக்குத் தெரியும்?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே தெரியும்க்கா. மாடு மேல ஏறும்ல. ஓடைக்கு அந்தப் பக்கம் மனுஷத் தடமே இருக்காது. ஒருநா சந்தையில நீங்க படி எறங்கறதப் பாத்தேன். சரி, காலு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"சார்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க கால்வலிய நான் எதுக்குச் சொல்லணும்?"

பிறகு அவள் யோசனை சொன்னாள். போன செவ்வாய்க்கிழமை அடிவாரத்துப் பக்கம் ஆலங்கட்டி விழுந்ததாம். இங்கேயும் விழுந்தது, மொட்டெல்லாம் கொட்டிவிட்டது என்று சாரிடம் சொல்லிவிடலாம். கேட்டால் அவளும் ஆமாம் என்பாள்.

"ஆமான்னு சொன்னா உன் நவம்பர்ப் பூவு?"

"அது போவுது."

"உன் வேல?"

"மாடு இருக்குக்கா."

அவள் போன பிறகு வெகுநேரம் கோபமாக இருந்தேன். மழையில் ஏறுகிறவள் அவள். முதலில் பார்த்தவள் அவள். என் தகடுகளைத் தளர்த்தியவள் அவள். கடைசியில், விட்டுக்கொடுப்பதிலும் அவள்தான் முந்திக்கொள்ள வேண்டுமா?

ஜனவரி 22, திங்கள்

சாருக்குப் போன் செய்தேன். விருந்தினர்களை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். ஆலங்கட்டி என்கிற சொல் வாய்வரை வந்தது. அது மிக நல்ல சொல். யாரும் சோதித்துப் பார்க்க முடியாது.

"நவம்பர்ல பூத்தது நம்ம மரந்தான் சார். குழந்தையம்மா சொன்னது சரி. நான் போகல."

"எந்த வாரம் போகல?"

"மழக்காலம் முழுசும். பனிக்காலமும். ஓடைக்கு மேல போகல."

"இந்த வருஷமா?"

"மூணு வருஷம் சார்."

"அப்ப மீதி பதினாறு வருஷம்?"

"அது நெஜம்."

"அத நான் எப்படி நம்பறது, பிலோமினா?"

பதினாறு வருடம் நான் ஏறிய ஏற்றத்துக்கு ஒரு காலண்டர் தாள்கூட என்னிடம் இல்லை.

பிறகு நாட்குறிப்பு நினைவுக்கு வந்தது. போன நாள், போகாத நாள், எல்லாம் அதில் இருக்கும். நான் இதில் பொய் எழுதியதில்லை. எழுதாமல் விட்டது உண்டு. சாரிடம் சொன்னேன். "சரி, போகாத தேதிய மட்டும் ஒரு லிஸ்ட் எழுதிக் குடுங்க. முதல் தடத்த இனிமே குழந்தை பாக்கட்டும். அவங்க தாள்களோட ஒத்துப் பாத்து, எத எடுக்கணுமோ எடுத்துருவோம்" என்றார். எனக்கு அலுவலகத்தில் மேசை வேலை. அட்டையில் பெயர் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 27, சனி

பத்தொன்பது வருடத்து நோட்டுகளையும் பரணிலிருந்து லூர்து இறக்கித் தந்தார். இதோடு சேர்த்துப் பதினொன்று. எதற்கு என்று கேட்டார், சொன்னேன். கிறிஸ்துமஸ் அன்று சிரித்ததற்காக வருத்தப்பட்டார். பிறகு, "போன்ல சொல்லிட்டேல்ல, கஷ்டமான பாகம் முடிஞ்சுது" என்றார். அவருக்குத் தெரியாது.

லிஸ்ட் எழுத உட்கார்ந்தேன். நவம்பர் 9, நவம்பர் 23, டிசம்பர் 7, டிசம்பர் 21 என்று நல்ல கையெழுத்தில், பிழை இல்லாமல் வந்தது. ஐந்தாவது வரியில் பேனாவை வைத்தேன். மேசையில் உட்கார்ந்து, பழையதைப் பார்த்து, வரிசையாகத் தேதி எழுதுவது. மூன்று வருடமாக நான் செய்த வேலை இதுதான். இதைக் கொடுத்தால் இது இன்னொரு பதிவேடு. யாரும் இதை நம்ப வேண்டியதில்லை. பிரதி எடுத்ததைக் கொடுக்கக்கூடாது, நோட்டைத்தான் கொடுக்க வேண்டும்.

முதல் பத்து நோட்டுகளைக் கொடுப்பதில் சிரமம் இல்லை. மழை, பனி, அரிசி, லூர்துவின் இருமல், என் மாமியாரின் கடைசி நாட்கள். பழைய பக்கங்களில் "90 வரை போய் வந்தேன், அட்டை ஏழு கடித்தது" என்று இருக்கிறது. படிக்கப் படிக்க அதை எழுதிய அந்தப் பெண்மீதும் பொறாமையாக இருந்தது.

கடினம் இந்த நோட்டுத்தான்.

ஜனவரி 30, செவ்வாய்

பிளேடு எடுத்தேன். அவளைப் பற்றி எழுதிய பக்கங்களை மட்டும் அறுத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம் என்று. ஆனால் ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். கோழி கிளறிய எழுத்து, பதினோரு பிழை என்று எழுதிய பக்கத்தைத் திருப்பினால், டிசம்பர் 7, போகவில்லை. புத்தகத்தில் என் பெயர் வந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதியதன் பின்னால், ஜனவரி 4, போகவில்லை, மொட்டு 3. ஒன்றை விட்டு ஒன்றை அறுக்க முடியாது.

அறுத்த தாள் உள்ள நோட்டை யார் நம்புவார்கள் என்பது வேறு.

நாளை குழந்தையம்மாள் நோட்டுகளை வாங்க வருகிறாள். லிஸ்டுக்குப் பதில் நோட்டுகளையே தருகிறேன் என்று சாரிடம் சொன்னபோது, அவளிடம்தான் கொடுக்கச் சொன்னார். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், விரலை வைத்து, வாய்விட்டு. வேகமாகப் படிக்கிறவர்கள் சில வரிகளைத் தாண்டிப் போவார்கள். அவள் ஒன்றையும் தாண்ட மாட்டாள்.

ஜனவரி 31, புதன்

குழந்தையம்மா, இந்த வரி உனக்கு. நவம்பர் 9ஆம் தேதியிலிருந்து படி. இடையில் நிறுத்தாதே. நீ தகடு தளர்த்தியது ஜனவரி 18இல் வருகிறது.

பைனாகுலரைப் பற்றி எழுதியதை நான் இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 1, வியாழன்

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நோட்டு என்னிடம் இல்லை.

தட நாள். இனி என் தடம் இல்லை, ஆனாலும் ஒப்படைக்க ஒருமுறை கூடப் போக வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். அவள் ஓடைக்கரையில் காத்திருந்தாள். முன்னால் ஏறினாள். நான் நிற்கும் இடமெல்லாம் எதையாவது பார்ப்பதுபோல அவளும் நின்றாள். படித்தாளா இல்லையா என்று ஐம்பதாம் மரம்வரை தெரியவில்லை.

55க்குப் பக்கத்தில், திரும்பாமல் சொன்னாள்.

"பதிமூணு பிழைக்கா. நீங்க பதினொண்ணுன்னு எழுதியிருக்கீங்க. என் பொண்ண விட்டு எண்ணச் சொன்னேன்."

நான் கிளையைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடி வைத்தேன்.

"பத்தொம்பதாம் தேதிவரைக்கும் வந்துருக்கேன். மேல படிக்க மனசில்ல. ஆனா நிறுத்தாதேன்னு எழுதியிருக்கீங்களாமே, பொண்ணு கடசிப் பக்கத்தப் பாத்துட்டுச் சொல்லுச்சு."

"படி."

"படிக்கிறேன்." கொஞ்ச தூரம் ஏறினாள். "அதிரசம் நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்கே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்."

அவள் குரலில் கோபம் இருந்தது. அவளிடம் கோபத்தை முதல் தடவையாகக் கேட்டேன். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

67க்கு வந்ததும் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி என் பக்கம் நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல். உச்சிக்கிளையைப் பார்த்தேன். கண்ணாடி இரண்டும் சுத்தமாக இருந்தன. இதைவைத்துப் பார்த்தால் யாருக்கும் நன்றாகத்தான் தெரியும் என்று தோன்றியது. திருப்பிக் கொடுத்தேன்.

எண்ணிக்கையை அவள் சொல்ல, நான் எழுதினேன். பிறகு எழுதியதை அடித்துவிட்டு, நானே அண்ணாந்து எண்ணி மறுபடி எழுதினேன்.

மரம் 67. மொட்டு 0. பூ 0. காய் 1, மொத்தம் பதினொன்று, மூன்று உதிர்ந்திருக்கின்றன. நேரில் பார்த்தது.